மறுமணத் தேதியும் பிள்ளையின் வயதும்: அமெரிக்காவுக்கு ஸ்டெப் சைல்டை ஸ்பான்சர் செய்வதன் பின்னணி

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருக்கும் ஒருவர், ஏற்கெனவே பிள்ளை உள்ள ஒருவரை மணக்கிறார். மணந்தவரை அழைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு குடும்பமும் விசாரித்துத் தெரிந்துகொள்கின்றன. பிள்ளையைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் பிறகுதான் எழுகிறது. அதற்குள் கல்யாணத் தேதி குறித்தாகிவிடுகிறது, சில வீடுகளில் கல்யாணமே முடிந்துவிடுகிறது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் அந்தப் பிள்ளையின் வழியைத் திறப்பதும் அடைப்பதும் அந்தத் தேதிதான். மனு எழுதும் நாளில் இதைத் தெரிந்துகொண்டால் பல நேரம் தாமதமாகிவிடுகிறது. அதனால்தான் தேதி குறிக்கும் முன்பே படிக்க வேண்டிய விஷயமாக இதை எழுதுகிறேன்.

வசதிக்காக, பிள்ளையோடு வருபவர் தாய், ஸ்பான்சர் செய்பவர் அவருடைய புதிய கணவர் என்று வைத்துக்கொள்கிறேன். தந்தை பிள்ளையோடு வந்து, புதிய மனைவி ஸ்பான்சர் செய்தாலும் விதிகள் இவையேதான்.

சட்டம் கேட்பது இரண்டு வயதுகளை. முதலாவது 18. தாயும் புதிய கணவரும் மணந்த நாளில் பிள்ளைக்கு 18 வயது நிறைந்திருக்கக் கூடாது. நிறையவில்லை என்றால் அன்றிலிருந்து அந்தப் பிள்ளை சட்டத்தின் கண்ணில் அவருடைய ஸ்டெப் சைல்டு. இரண்டாவது 21. அந்த வயதுக்குள், கல்யாணம் ஆகாமல் இருந்தால்தான் ‘சைல்டு’ என்ற வகைக்கான வேகமான வழி கிடைக்கும். இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மனு போடும்போது பிள்ளைக்கு 18 தாண்டியிருக்கலாம், அது தடையே இல்லை. 17 வயது 10 மாதத்தில் தாய்க்கு மறுமணம் நடந்தது, 20 வயதில் மனு போட்டார்கள் என்றால் அது முழுக்கச் செல்லும். ஆனால் 18-ஆவது பிறந்தநாள் கழிந்து இரண்டு வாரத்தில் கல்யாணம் நடந்திருந்தால், புதிய கணவர் அந்தப் பிள்ளைக்காக ஸ்டெப் சைல்டு என்ற முறையில் எந்தக் காலத்திலும் மனு போட முடியாது. எத்தனை வருடம் பாசமாக வளர்த்தாலும், படிப்புக்குப் பணம் கட்டினாலும் அந்த உறவு சட்டத்துக்குள் வராது.

தத்தெடுக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் நிறைய. வேண்டியதில்லை. இந்தச் சந்தேகம் நம்மவர்களுக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவின் 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளர்களைச் சொல்லும் இடத்தில் ‘தந்தை’, ‘தாய்’ என்பவற்றில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்கமாட்டார்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தப் பின்னணியிலிருந்து பார்க்கும்போது, ஒரு வெளிநாட்டுச் சட்டம் கல்யாணப் பத்திரம் ஒன்றை மட்டும் வைத்து இவரைப் பெற்றோராக ஏற்கும் என்பதை நம்புவது கடினம். ஆனால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் அப்படித்தான் ஏற்கிறது. தத்து இல்லை, நீதிமன்ற உத்தரவு இல்லை. பெற்ற தாயோடு செல்லுபடியாகும் திருமணம் ஒன்று போதும்.

அது அவ்வளவு எளிதாக வந்துவிடவும் இல்லை. இன்றைய குடியேற்றச் சட்டத்தின் அடிப்படை 1952-இல் போடப்பட்டது. ஸ்டெப் சைல்டு என்ற வகை அப்போதே இருந்தது. திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்பதை 1957-ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. பிறகு ஒரு சிக்கல் வந்தது. 1979-இல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம், மொரேரா என்பவரின் வழக்கில், கல்யாணம் மட்டும் போதாது, மாற்றுப் பெற்றோர் அந்தப் பிள்ளையின் வளர்ப்பில் உண்மையான அக்கறை காட்டியிருக்க வேண்டும் என்று சொன்னது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் ஸ்பான்சர் ஒரு நாட்டிலும் பிள்ளை இன்னொரு நாட்டிலும் இருக்கும் குடும்பங்களில், ஒன்றாக வாழ்வதற்குத்தானே விசாவே கேட்கிறார்கள்? ஒன்றாக வாழ்ந்த ஆதாரத்தை முன்கூட்டியே கேட்டால் எங்கிருந்து கொண்டுவருவது? 1980-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் வாசகத்தில் அப்படியொரு நிபந்தனை இல்லை என்று தீர்ப்பளித்தது. மறுவருடமே மக்மில்லன் வழக்கில் வாரியமும் அதை ஏற்றுக்கொண்டது. இன்று ஒரு மாற்றாந்தந்தை, தான் இதுவரை ஒரு முறைகூட ஒரே வீட்டில் வசித்திராத பிள்ளைக்காக மனு போட முடிவது அந்தத் தீர்ப்புகளால்தான்.

இனி, நிறையக் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம். ஸ்பான்சர் அமெரிக்கக் குடிமகனாக இருந்தால், மனைவிக்காகப் போடும் ஐ-130 என்ற உறவினர் மனு மனைவிக்கு மட்டுமே. அவருடைய பிள்ளைகள் அதோடு ஒட்டிக்கொண்டு வர முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி ஐ-130 வேண்டும். இதில் ஏமாறுவதற்குக் காரணம் அந்தப் படிவமே. மனைவிக்கான படிவத்தில் அவருடைய பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் எழுதச் சொல்லி ஒரு பகுதி உண்டு. எழுதியவர்கள் பிள்ளையும் சேர்ந்துவிட்டதாக நினைத்துக் காத்திருக்கிறார்கள். மும்பைத் துணைத் தூதரகத்திலோ கொழும்புத் தூதரகத்திலோ நேர்காணல் என்று தாய்க்கு மட்டும் அழைப்பு வரும்போதுதான் உண்மை தெரிகிறது. அந்த நேரத்தில் புது மனு போட்டால் பிள்ளை பல மாதங்கள் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். தாய் தனியாகப் புறப்படுவதா, பிள்ளைக்காகத் தங்குவதா என்ற தவிப்பு அங்கே தொடங்குகிறது. மனைவியின் மனுவைப் போடும் அதே நாளில் பிள்ளையின் மனுவையும் போட்டுவிட்டால் இது வராது.

ஸ்பான்சர் கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் என்றால் கணக்கு மாறுகிறது. அவர் மனைவிக்காகப் போடும் மனு எஃப்2ஏ என்ற வகையில் வருகிறது. இந்த வகையில் ஆண்டுதோறும் இத்தனை விசாதான் என்ற வரம்பு உண்டு, ஆகவே வரிசையில் காத்திருக்க வேண்டும். அதற்கு ஈடாக ஒரு சலுகையும் இருக்கிறது: மனைவியின் 21 வயதுக்குட்பட்ட, கல்யாணமாகாத பிள்ளைகள் அதே மனுவின் நிழலில் சேர்ந்து வரலாம். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிள்ளை இப்படி வருவது தாயின் பிள்ளை என்ற முறையில்தான், ஸ்பான்சரின் ஸ்டெப் சைல்டு என்ற முறையில் அல்ல. அதனால் கல்யாணத்தின்போது பிள்ளைக்கு 18 ஆகியிருந்ததா என்ற கேள்வியே இங்கே எழுவதில்லை.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மணநாளில் 19 வயதான ஒரு மகள் இருக்கிறாள். புதிய கணவர் அமெரிக்கக் குடிமகன் என்றால் அவளுக்கு அவர் மூலமாக வழியில்லை. அதே மனிதர் கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் அவள் தாயோடு சேர்ந்து வரலாம். நாட்டோடு நெருக்கமான உறவு கொண்டவருக்குக் குறைவான உரிமை. இது யாரோ யோசித்து வகுத்த நீதியாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பிரிவுகள் தனித்தனியாக எழுதப்பட்டு, இடையில் விழுந்த ஓட்டையாகத்தான் தெரிகிறது. அந்த ஓட்டையில் விழுவதோ ஒரு பெண்ணும் அவள் பிள்ளையும்.

இதைவிடக் கடுமையான திருப்பம் ஒன்றும் இருக்கிறது. மனு நிலுவையில் இருக்கும்போது கணவர் குடியுரிமை பெறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘குடியுரிமை வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும்’ என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். மனைவியைப் பொறுத்தவரை அது சரிதான். அவருடைய மனு உடனடி உறவினர் என்ற வகைக்கு மாறி, வரிசையே இல்லாமல் போகிறது. ஆனால் உடனடி உறவினர் மனுவில் பிள்ளைகள் ஒட்டி வர இடமில்லை. கணவர் உறுதிமொழி எடுத்த நாளிலேயே பிள்ளை அந்த மனுவிலிருந்து கழன்றுவிடும். மணநாளில் 18 நிறையாத பிள்ளை என்றால் புதிய ஐ-130 போட்டுச் சரிசெய்யலாம். 18 கடந்த பிள்ளை என்றால் அதுவும் முடியாது. ஆகவே அப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில், பிள்ளை வந்து சேரும்வரை குடியுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிவைப்பது சரியான முடிவாக இருக்கலாம். இதை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசாமல் செய்ய வேண்டாம். மணநாளில் 18-க்குள் இருந்த பிள்ளைகளுக்கு, கிரீன் கார்டுக்காரர்களும் தொடக்கத்திலேயே தனி மனு போட்டுவைப்பது நல்லது. கட்டணம் கூடும். ஆனால் பின்னால் குடியுரிமை வாங்கும்போது அந்த மனு அப்படியே மாறிக்கொள்ளும், பிள்ளை விடுபடாது.

18 கடந்துவிட்ட பிள்ளைக்கு வேறு வழியே இல்லையா? இரண்டு உண்டு. கல்யாணத்துக்கு முன்பே கே-1 என்ற நிச்சயதார்த்த விசாவுக்கு மனு போடுவது ஒன்று. இதை அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே போட முடியும். கே-1 பெறும் பெண்ணின் 21 வயதுக்குட்பட்ட, கல்யாணமாகாத பிள்ளைகளுக்குக் கே-2 விசா கிடைக்கும். 18 என்ற எல்லை இதில் இல்லை. தாய் அமெரிக்கா வந்து 90 நாளுக்குள் அந்த நபரையே மணந்துகொண்டால், பிள்ளையும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். நாட்டுக்குள் நுழைந்த நாளில் 21 ஆகாமல் இருந்தால் போதும், அதற்குப் பிறகு 21 தாண்டினாலும் உரிமை போகாது என்று 2011-இல் லே என்பவரின் வழக்கில் மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் ஊரிலேயே சட்டப்படி கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டவர்களுக்கு இந்தக் கதவு மூடிவிடும். 18-க்கும் 21-க்கும் இடையில் பிள்ளை உள்ள பெண்ணை மணக்கப் போகிற குடிமக்கள், கல்யாணம் எங்கே என்று முடிவெடுக்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று, தாய் கிரீன் கார்டு பெற்ற பிறகு பெற்ற தாய் என்ற முறையில் அவரே மனு போடுவது. 21-க்குள் என்றால் எஃப்2ஏ வரிசை, தாண்டிவிட்டால் எஃப்2பி. இரண்டாவது வரிசையில் காத்திருப்பு பல ஆண்டுகள் நீளும். அதற்குள் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அந்த மனு செத்துவிடும், ஏனென்றால் கிரீன் கார்டு மட்டும் உள்ளவர்கள் கல்யாணமான பிள்ளைகளை ஸ்பான்சர் செய்ய முடியாது. வரனைத் தள்ளிப்போடுவதா, விசாவை விட்டுக்கொடுப்பதா என்று நிற்கும் நிலை பெண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருகிறது.

21-ஐ நெருங்கும் பிள்ளைகளுக்கு 2002 ஆகஸ்ட் 6-இல் வந்த ஒரு சட்டம் பெரிய ஆறுதல். அதற்கு முன்பெல்லாம், அரசுத் துறை கோப்பைப் பார்க்கத் தாமதித்ததால் பிள்ளைக்கு 21 ஆகி, உரிமை போனதுண்டு. இப்போது அமெரிக்கக் குடிமகன் போடும் மனுவில், மனு முறையாகப் போய்ச் சேர்ந்த நாளோடு பிள்ளையின் வயது உறைந்துவிடும். 20 வயது 11 மாதத்தில் மனு போட்டு, 22 வயதில் நேர்காணல் வந்தாலும் சட்டப்படி அவர் ‘சைல்டு’தான், கல்யாணம் மட்டும் ஆகியிருக்கக் கூடாது. ‘முறையாக’ என்பதற்கு இங்கே எடை அதிகம். கையெழுத்து விடுபட்டதாலோ கட்டணம் தவறியதாலோ மனு திரும்பி வந்தால், அந்தத் தேதி கணக்கில் வராது. பிறந்தநாள் பக்கத்தில் இருந்தால் தபாலை நம்ப வேண்டாம், ஆன்லைனில் போட்டுவிடுங்கள்.

எஃப்2ஏ வரிசையில் கணக்கு வேறு. வரிசையில் முறை வந்து விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதிலிருந்து மனு பரிசீலனையில் கிடந்த காலத்தைக் கழிக்க வேண்டும். 20 வயதில் மனு போட்டார்கள், ஒப்புதல் வர 14 மாதம் ஆனது, 21 வயது 8 மாதத்தில் விசா எண் வந்தது என்றால், 14 மாதத்தைக் கழித்து 20 வயது 6 மாதம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒப்புதலுக்குப் பின் வரிசையில் நின்ற காலம் கழியாது. எண் கிடைத்து ஒரு வருடத்துக்குள் விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ விண்ணப்பிக்கும் அடுத்த அடியை எடுத்து வைக்கவும் வேண்டும். அமெரிக்காவுக்குள் இருந்தே கிரீன் கார்டு கேட்பவர்களுக்கு, யாருடைய முறை வந்திருக்கிறது என்று சொல்லும் மாதாந்திர விசா அறிக்கையின் இரண்டு அட்டவணைகளில் எதை வைத்து வயதைக் கணக்கிடுவது என்பதில் 2023-இல் ஒரு தளர்வு வந்தது. 2025 ஆகஸ்ட் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு அது இல்லை. இறுதி நடவடிக்கைத் தேதி அட்டவணையைத்தான் பார்க்கிறார்கள். பழைய கட்டுரைகளைப் படித்துக் கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆவணங்களில் மூன்றுதான் முதுகெலும்பு: தாயின் பெயர் உள்ள பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், புதிய கல்யாணத்தின் பதிவுச் சான்றிதழ், இருவருடைய முந்தைய கல்யாணங்களும் சட்டப்படி முடிந்ததற்கான தீர்ப்பு அல்லது இறப்புச் சான்றிதழ். மூன்றாவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக்கொண்ட விடுதலைப் பத்திரத்தை வைத்து மறுமணம் செய்தவர்களிடம் நீதிமன்றத் தீர்ப்பைக் கேட்பார்கள். முதல் கல்யாணம் சட்டத்தில் முடியவில்லை என்றால் இரண்டாவது கல்யாணம் செல்லாது. அது செல்லாது என்றால் ஸ்டெப் சைல்டு உறவும் இல்லை.

இன்னொன்றையும் மனதார எச்சரிக்க விரும்புகிறேன். புதிய கணவரைத் தந்தை என்று போட்டுப் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் மாற்றிவிடும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. பிள்ளை கூச்சப்படக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் விசா அதிகாரியின் மேசையில் அது முரண்பட்ட ஆவணமாகத்தான் கிடக்கும், பொய் சொன்னதாகக்கூடக் கொள்ளப்படலாம். பெற்ற தந்தையின் பெயர் உள்ளபடியே இருக்கட்டும். புதிய கணவர் மாற்றாந்தந்தை என்ற உண்மையான இடத்திலேயே முழு உரிமையோடு மனு போடலாம்.

பெற்ற தந்தையின் சம்மதத்தை ஐ-130 மனு கேட்பதில்லை. ஆனால் பிள்ளை சின்னவராக இருந்து, விவாகரத்துத் தீர்ப்பில் பிள்ளையைப் பார்க்கும் உரிமை தந்தைக்கு இருந்தால், பாஸ்போர்ட் எடுப்பதிலும் நாட்டை விட்டு அழைத்துப்போவதிலும் அந்தத் தீர்ப்பு குறுக்கே வரும். அதை முதலிலேயே நீதிமன்றத்தில் பேசி முடிப்பது எல்லாருக்கும் நல்லது, முக்கியமாகப் பிள்ளைக்கு.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-130 கட்டணம் ஆன்லைனில் 625 டாலர், காகிதத்தில் 675 டாலர். தூதரகம் வழியாக வரும் ஒவ்வொருவருக்கும் விசாக் கட்டணம் 325 டாலர், பிறகு கிரீன் கார்டு அச்சிட 235 டாலர். ஸ்பான்சரின் வருமானம், குடும்ப எண்ணிக்கைக்கான மத்திய வறுமைக் கோட்டில் குறைந்தது 125 சதவீதம் இருக்க வேண்டும். வருபவரைப் பணத்தால் தாங்குவேன் என்று இதற்காகக் கொடுக்கும் ஐ-864 உறுதிமொழி ஒரு சட்ட ஒப்பந்தம். தாயை விவாகரத்து செய்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. கையெழுத்துப் போடுபவர் இதை அறிந்தே போட வேண்டும்.

பிள்ளைக்குக் கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் தாய்க்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் நிறையவில்லை என்றால், பிள்ளைக்கும் இரண்டு வருட நிபந்தனைக் கார்டுதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளில், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவத்தைப் போட வேண்டும். பிள்ளை தாயோடு வந்திருந்தால், அல்லது 90 நாளுக்குள் பின்தொடர்ந்து வந்திருந்தால், தாயின் படிவத்திலேயே சேர்க்கலாம். பிந்தி வந்த பிள்ளைக்குத் தனிப் படிவம். பலருக்கு இது மறந்துவிடுகிறது.

கல்யாணம் நடுவில் முறிந்தால்? தாயின் மனு அதோடு முடிந்துவிடும். பிள்ளை விஷயத்தில் 1981-இன் மவ்ரர் வழக்கு ஒரு வாய்ப்பை வைத்திருக்கிறது: விவாகரத்துக்குப் பிறகும் மாற்றுப் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே குடும்ப உறவு உண்மையில் தொடர்கிறது என்று காட்ட முடிந்தால், உறவு தொடர்வதாகவே கொள்ளலாம். அங்கே கடிதம், பணம் அனுப்பிய ரசீது, வந்து பார்த்த பயணங்கள் எல்லாம் ஆதாரமாகின்றன.

கடைசியாகக் குடியுரிமை. கிரீன் கார்டோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து வருடக்கணக்கில் தவறான நம்பிக்கையோடு வாழும் குடும்பங்கள் உண்டு. 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறையில் உள்ள பிள்ளைகள் குடியுரிமைச் சட்டத்தின்படி, அமெரிக்கக் குடிமகனின் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை கிரீன் கார்டோடு வந்து, அவருடைய சட்டப்படியான பொறுப்பில் அவரோடு வாழ்ந்தால் தானாகவே குடிமகனாகிவிடும். ஆனால் அந்தச் சட்டத்தில் ‘பிள்ளை’ என்பதற்குள் ஸ்டெப் சைல்டு வராது. விசா கொடுக்கும்போது பிள்ளையாக ஏற்ற அதே நாடு, குடியுரிமை கொடுக்கும்போது ஏற்பதில்லை. மாற்றாந்தந்தையை நம்பி அமெரிக்கப் பாஸ்போர்ட் கேட்டால் மறுப்பார்கள். அதைவிட ஆபத்து, தான் குடிமகன் என்று நம்பி ஓட்டுப் போடுவது. அது நாடு கடத்தும்வரை கொண்டுபோய் விடக்கூடிய குற்றம்.

இங்கே உதவக்கூடியவர் தாய்தான். குடிமகனின் மனைவியாக அவரோடு வாழ்பவர், கிரீன் கார்டு பெற்று மூன்று வருடத்தில் குடியுரிமை கேட்கலாம். விண்ணப்பத்தை 90 நாள் முன்பே போடவும் முடியும். பிள்ளைக்கு 18 ஆகும் முன் தாய் உறுதிமொழி எடுத்துவிட்டால், அவரோடும் அவர் பொறுப்பிலும் வாழும் பிள்ளை அன்றே குடியுரிமை பெறும். 13 வயதில் வந்த பிள்ளைக்கு இது நடக்க நிறைய அவகாசம் உண்டு. 14 வயதில் வந்ததற்கு நெருக்கம்தான், தாய் ஒரு மாதம்கூடத் தாமதிக்கக் கூடாது. 15 வயது நிறைந்து தாயோடு வந்த பிள்ளை தவறவிடும். அதன்பின் 18 ஆன பிறகு, ஐந்து வருடக் கிரீன் கார்டு நிறைந்ததும் சொந்தமாக விண்ணப்பிக்க வேண்டும், ஏனென்றால் தாய்க்கு உள்ள மூன்று வருடச் சலுகை பிள்ளைக்குக் கிடையாது.

மாற்றாந்தந்தை முறையாகத் தத்தெடுத்தால் அவர் மூலமாகவும் குடியுரிமை வரும். ஆனால் பொதுவாக 16 வயதுக்குள் தத்து முடிந்திருக்க வேண்டும், சட்டப்படியான பொறுப்பிலும் ஒரே வீட்டிலும் இரண்டு வருடம் நிறைய வேண்டும், எல்லாம் 18-க்குள் கூடிவர வேண்டும். பெற்ற தந்தை உயிரோடு இருந்தால் அவருடைய உரிமையும் குறுக்கே வரும். அதனால் பெரும்பாலான வீடுகளில், பிள்ளையோடு அமெரிக்கா வந்து இறங்கிய தாய் குறித்துவைக்க வேண்டிய தேதி தன்னுடைய குடியுரிமை விண்ணப்பத்தைப் போடக்கூடிய முதல் நாள்தான்.